ஒரு ஷில்லிங் நாள்

மே மாதம் 24ஆம் நாள் என்றவுடன், முன்னாளில் இந்நாட்டு ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்ற முதியோர்க்கு ஒரு காட்சி நினைவில் எழும். கொடிக் கம்பத்தின் கீழே பிள்ளைகள் வரிசை வரிசையாய் நிற்பர். தலைமையாசிரியர் சொற்பொழிவாற்றுவார். ‘எம்பயர் டே’ என்பது அந்நாளின் பெயர். விக்டோரியா மகாராணியாரின் பிறந்தநாளே அது. கொடியை நோக்கி நின்ற சிறுவர்க்கு அவ்வம்மையார் நாணயத்திற் பொறித்த ஒரு முகம், அவ்வளவே. அவர்தம் வீட்டில், கணவருடனும் குழந்தைகளுடனும், பிறந்தநாள்கள் எவ்வாறு கழிந்தன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டோ? அரச புகழ் பாடுவதற்காக இதனைக் கேட்கவில்லை. ஒரு குடும்பம் ஒன்றாய்க் கூடிக் களிப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதை 1851ஆம் ஆண்டுக் கோடை ஒன்றே நமக்குக் காட்டிவிடும். அக்கோடையில் அரசியின் குடும்பமும் உலாப் புறப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் குடும்பமும் புறப்பட்டது. இரண்டும் சென்று சேர்ந்த இடமும் ஒன்றே.

ஆண்டு முழுவதும் ஒரே வெயிலும் ஒரே மழையுமாயுள்ள நாட்டில் வாழும் நமக்குக் கோடையின் அருமை விளங்குவது கடினம். ஆங்கில நாட்டிலோ அது தவங்கிடந்து பெறும் பருவம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்காது. மரங்கள் தழைத்து நிற்கும். மாதக்கணக்கில் கணப்பருகே ஒடுங்கிக் கிடந்த மக்கள் வெளியே வருவர். குழந்தைகளை அழைத்துச் செல்வதற்குரிய காலம் அதுவே.

1851இல் விக்டோரியாவுக்கும் அவர் கணவர் ஆல்பர்ட்டுக்கும் 31 வயது. அவ்வாண்டிலேயே இருவரும் 32ஐ எட்டினர். ஏழு குழந்தைகள், மூத்தவளுக்குப் பத்து வயது, கடைக்குட்டிக்கு ஒன்று. இவ்விருவரும் தம் இளமையில் குடும்ப இன்பத்தைக் கண்டவர் அல்லர். விக்டோரியா எட்டு மாதக் குழந்தையாயிருந்தபோதே தந்தை இறந்தார். பிறகு கென்சிங்டன் அரண்மனையில் அவர் வளர்ந்த விதம் சிறைவாசத்தை ஒத்தது. ஒருவர் கையைப் பிடித்துக் கொள்ளாமல் மாடிப்படி இறங்கவும் அனுமதி இல்லை. 18 வயதில் அரசியாகும் வரையில் தாயின் அறையிலேயே உறங்க வேண்டியிருந்தது. ஆல்பர்ட்டின் கதையோ இதனினும் துயரமானது. அவருக்கு ஐந்து வயதாயிருக்கும்போது பெற்றோர் பிரிந்தனர். வீட்டை விட்டுச் சென்ற தாயை அவர் அதன்பின் காணவே இல்லை. விந்தை என்னவெனில், 1819ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் பிறந்த இவ்விருவர்க்கும் பேறு பார்த்த மருத்துவச்சி ஒருவரே. ஜெர்மானியரான அவ்வம்மையார் லண்டனில் ஒரு குழந்தையை ஏந்திவிட்டுத் தம் நாடு திரும்பி மற்றதை ஏந்தினார். ஆக, வீடு என்பது இன்னதென்று கண்டறியாத இருவர் சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டத் துணிந்தனர்.

அக்கோடையின் முதற் பிறந்தநாள் மே மாதம் முதல் தேதி. கடைக்குட்டி ஆர்தருக்கு அன்றுதான் ஒரு வயது நிறைந்தது. அதே நாளில் பிறந்தவர் வாட்டர்லூ வெற்றிவீரர் வெல்லிங்டன் பிரபு; அவருக்கு அன்று 82 வயது. குழந்தைக்கு அவர் பெயரையே இட்டிருந்தனர். முதுபெருங்கிழவர் ஒரு பேழையை நீட்ட, தாயின் கையிலிருக்கும் குழந்தை மலரொன்றை ஏந்தியிருப்பதாக விண்டர்ஹால்டர் என்னும் ஓவியர் தீட்டிய படம் புகழ்பெற்றது. அப்படத்தின் பின்னணியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று மங்கலாய்த் தெரியும். ஹைடு பார்க்கில் எழுந்த அந்தப் ‘பளிங்கு மாளிகை’ திறக்கப்பட்டதும் அதே நாள்தான். உலகத் தொழிற்பொருட்காட்சி என்பது ஆல்பர்ட் முன்னின்று நடத்திய பெருமுயற்சி. பாக்ஸ்டன் என்னும் தோட்டக்காரர் வகுத்த அக்கட்டடம் 1,848 அடி நீளம். ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகளால் ஆனது. அங்கு நின்றிருந்த முதிய மரங்களையும் வெட்டாமல் உள்ளேயே அடக்கிக் கொண்டது. மகன் பிறந்தநாளும் தந்தையின் உழைப்பு அரங்கேறிய நாளும் ஒன்றாயின. மூத்த பிள்ளைகள் இருவரும் பெற்றோருடன் திறப்பு விழாவிற் கலந்து கொண்டனர்.

அதன்பின் அரசியார் பன்முறை அங்குச் சென்றார். பிள்ளைகளையும் உடன் கொண்டு சென்றார். பொதுமக்கள் வருமுன்னரே காலையிற் சென்று நிதானமாய்ப் பார்ப்பதுண்டு. கோகினூர் வைரமும், இந்தியப் பகுதியில் அம்பாரியைச் சுமந்து நின்ற பாடம் செய்த யானையும் அங்கு இருந்தன. நம் வாசகர்க்கு வேறொன்றைச் சொல்ல வேண்டும். ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877இல். அதற்கு முன்னரே இந்நாட்டுக் காடுகளில் எடுத்த ‘கட்டா பெர்ச்சா’ என்னும் மரப்பாலாற் செய்த பொருள்கள் அக்காட்சியில் இடம் பெற்றன. நம் காட்டு மரம் நமக்கு முன்னே போய் ஆங்கிலப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டியது!

பின்னர்க் குடும்பம் ஆஸ்போர்னுக்குச் சென்றது. ஒயிட் தீவின் கடற்கரையிலுள்ள இவ்விடத்தை அவர்கள் 1845இல் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர். பிரைட்டன் நகரிலிருந்த பழைய அரச மாளிகையில் தெருவிற் கூடும் கூட்டம் குழந்தைகளை வெறித்து நோக்கும். கடலும் நன்கு கண்ணுக்குத் தெரியாது. அதனை 1850இல் நகர சபைக்கு 53,000 பவுனுக்கு விற்றுவிட்டனர். ஆஸ்போர்னிலோ மாளிகைக்கும் கடலுக்கும் இடையே புல்வெளி ஒன்றே. அங்கே 1847ஆம் ஆண்டு ஜூலையில் விக்டோரியா தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலில் நீராடினார்.

பிறந்தநாட்காலையில் ஒரு மேசையை மலர்களால் அணிசெய்து, பரிசுகளைப் பரப்பி வைப்பது அவ்வீட்டு வழக்கம்; ஆல்பர்ட்டின் தாய்நாடான ஜெர்மனியில் பெருவழக்காயுள்ள முறை அது. அக்கோடையில் ஐந்து முறை அவ்வாறு மேசை பரப்ப வேண்டியிருந்தது. ஆர்தருக்கு அடுத்து அரசிக்கு, அதற்கு மறுநாளே ஐந்து வயது நிறைந்த ஹெலினாவுக்கு, ஆகஸ்டு 6இல் ஏழு வயதான ஆல்பிரடுக்கு, 26இல் தந்தைக்கு. அதற்கு நான்கு நாள் முன்னே, ஆகஸ்டு 22இல், ‘அமெரிக்கா’ என்னும் பாய்மரப்படகு ஆங்கிலப் படகுகளையெல்லாம் பின்தள்ளித் தீவைச் சுற்றிவந்த பந்தயத்தையும் அரச குடும்பம் தம் கப்பலிலிருந்து கண்டது.

இவை யாவும் செல்வர் வீட்டுக் களியாட்டம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒன்றை ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆஸ்போர்ன் தோட்டத்தில் குழந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. சிறு மண்வெட்டி, சிறு வாரி, ஒற்றைச் சக்கரக் கைவண்டி ஆகியவை தனித்தனியே. ஒவ்வொன்றின் மீதும் அக்குழந்தையின் பெயர் எழுத்து. உருளைக்கிழங்கும் அவரையும் வெங்காயமும் அவர்களே பயிரிட்டனர். விளைந்ததைத் தோட்டக்காரர் பார்த்து நன்று என்பாரானால், தந்தையார் சந்தை விலை கொடுத்து வாங்குவார். 1854இல் அரசியின் பிறந்தநாளன்று அப்பாத்திகளின் அருகே மரத்தாலான ஒரு குடிலும் பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்டது. அதன் சமையலறையில் பெண்மக்கள் பணியாரம் சுட்டுப் பெற்றோர்க்குத் தேநீர் விருந்தளிப்பர். உழைப்புக்கு விலை உண்டு என்பதை அரசர் பிள்ளைகளும் அறிதல் வேண்டும் என்ற கருத்து நல்லதே. அவர்களோ களைத்தால் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போகலாம்.

வைத்துவிட்டுப் போக முடியாத பிள்ளைகளும் அக்காலத்தில் அந்நாட்டிலேயே இருந்தனர். பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தல் ஆகாதென 1833இல் ஒரு சட்டம் வந்தது. 1844இல் அதனை எட்டாகக் குறைத்து, எட்டு முதல் பதின்மூன்று வரை உள்ளவர் நாள் ஒன்றுக்கு ஆறரை மணி நேரம் உழைக்கலாம் என்றனர். இங்கே ஒரு வேடிக்கை, அன்று, வேதனை. ஒரு குழந்தைக்கு வயது என்ன என்று எவ்வாறு அறிவது? அரசாங்கம் பிறப்பைப் பதியத் தொடங்கியதே 1837ஆம் ஆண்டு ஜூலையில்தான். ஆகவே மருத்துவர் ஒருவர் குழந்தையைப் பார்த்து, ஒன்பது வயதுக் குழந்தைக்குரிய உடற்கட்டும் தோற்றமும் இதற்கு உள்ளன என்று சான்றெழுதிக் கொடுத்தால் போதும் என்பது சட்டம். அரசியின் மகளுக்கு ஐந்தாம் பிறந்தநாள் பூக்கள் பரப்பிய மேசையாய் வந்தது. நெசவாளி மகளுக்கு எட்டாம் பிறந்தநாள் ஆலையின் கதவாய் வந்தது. கொண்டாடுவதற்கன்று, கணக்கெடுப்பதற்கே அவளுக்குப் பிறந்தநாள் இருந்தது.

இத்தகைய குடும்பங்களும் பளிங்கு மாளிகையைக் காணப் புறப்பட்டன என்றோமே, அது எவ்வாறு நிகழ்ந்தது? முதல் சில நாள்களில் நுழைவுக் கட்டணம் ஒரு பவுன். பிறகு ஐந்து ஷில்லிங். மே 26, திங்கட்கிழமை முதல், திங்கள் தொடங்கி வியாழன் வரை ஒரு ஷில்லிங் என்றாக்கினர். வெள்ளியன்று இரண்டரை, சனியன்று ஐந்து. ஞாயிறன்று கதவடைப்பு. இந்த அட்டவணையை வாசகர் சற்று உற்று நோக்குவாராக. ஞாயிறே தொழிலாளிக்கு முழு ஓய்வு நாள். அன்று காட்சி இல்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைப்பெண்டிர்க்குச் சனியன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை முடியும். அன்றோ ஐந்து ஷில்லிங். பல மாவட்டங்களில் பண்ணைத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலி பத்து ஷில்லிங்கை எட்டாத காலம் அது. ஒரு ஷில்லிங் நாளில் செல்வதாயின் அன்றைய கூலியை இழக்க வேண்டும். அல்லது முதலாளி மனமிரங்கி விடுமுறை தர வேண்டும். சீட்டின் விலை ஒரு ஷில்லிங். அந்த நாளின் விலை அதனினும் பெரிது.

ஆயினும் வந்தனர்! வாரந்தோறும் சிறுகச் சிறுகப் பணம் செலுத்திப் பயணச் சங்கங்கள் அமைத்தனர். தாமஸ் குக் என்பார் ஒருவர், தச்சுத் தொழிலர், மதுவிலக்குப் பிரசாரகர். குடிக்கடையிலிருந்து மனிதனை மீட்க அவன் குடும்பத்தோடு செல்ல ஓர் இடம் வேண்டும் என்று கருதியவர். 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் புகைவண்டியில் அழைத்துச் சென்று மதுவிலக்கு விழா நடத்தியவர் அவரே. கள்ளுக்கடையை மூடு என்று கூவுவோர் பலர். மூடிய பின் அந்த மாலைப்பொழுதில் அவன் எங்கே போவான் என்று கேட்டவர் சிலரே. 1851இல் இவர் ஒன்றரை லட்சம் பேரைப் பொருட்காட்சிக்குக் கொண்டு சேர்த்தார். புகைவண்டிக் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டதால் வடக்கிலிருந்து போக வரக் கட்டணம் ஐந்து ஷில்லிங் வரை இறங்கிற்று. கார்ன்வால் பகுதியிலிருந்து எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர் நடந்தே வந்து சேர்ந்தார்.

இத்தனை ஏழைகள் தலைநகரிற் கூடினால் கலகம் விளையும் என்று அஞ்சியோர் பலர். கலகம் எதுவும் நிகழவில்லை. காட்சிக்குள் மது விற்கப்படவில்லை; சோடாவும் எலுமிச்சைப் பானமுமாகப் பத்து லட்சம் புட்டிகளுக்கு மேல் விற்றன. அக்டோபர் மாதம் காட்சி முடிவதற்குள் நுழைந்தோர் தொகை 60 லட்சத்தைக் கடந்தது. அவருட் பெரும்பாலோர் ஒரு ஷில்லிங் நாள்களில் வந்தவர். கணவனும் மனைவியும் குழந்தைகளும் கைகோத்து வந்து, மூட்டையை அவிழ்த்து உண்டு, நீரூற்றைச் சுற்றி நின்றனர். அவர்களிற் பலர் தம் ஊரைத் தாண்டியதே அதுதான் முதன்முறை.

ஒரு நாள் கிடைத்துவிட்டது. அதனை ஆண்டுதோறும் உரிமையாய்ப் பெற நெடுங்காலம் ஆயிற்று. சர் ஜான் லப்பக் கொண்டுவந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஆகஸ்டின் முதல் திங்கள் உட்பட நான்கு நாள்களை விடுமுறையாக்கிற்று. பெயர் வங்கி விடுமுறை; நாளடைவில் நாடெங்கும் கடைகளும் ஆலைகளும் அதனை ஏற்றன. கூலியோடு கூடிய விடுமுறைக்கு ஒரு சட்டம் வந்ததோ 1938இல்தான்.

நம் தோட்டங்களின் பழைய நாளை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துத் தாய் பால்மரம் வெட்டப் போவாள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் கிடக்கும். சற்று வளர்ந்தவன் புல் வெட்டுவான். எப்பொழுது பிறந்தாய் என்று கேட்டால், ஜப்பான்காரன் வந்த ஆண்டு, பெரிய வெள்ளம் வந்த ஆண்டு என்று விடை கூறிய முதியோரை நாம் அறிவோம். லாரியில் ஏறித் தைப்பூசத்துக்குச் சென்ற ஒரு நாளே அவர்தம் ஆண்டின் குடும்ப உலா. அந்த லாரிப் பயணத்தை அவர்கள் ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததைக் கேட்டிருக்கிறோம்.

ஆஸ்போர்ன் கதையின் எச்சத்தைச் சொல்லி முடிக்கிறோம். அங்கு எல்லாம் இனிமை என்று எண்ணற்க. மூத்த மகன் எட்வர்டை நாள் முழுவதும் பாடத்தில் கட்டிப் போட்டு வதைத்தனர். அவன் இளமை கசந்தது. 1861ஆம் ஆண்டு டிசம்பர் 14இல் ஆல்பர்ட் 42ஆம் வயதில் இறந்தார்; கடைசி மகள் பீட்ரிசுக்கு அப்பொழுது நான்கு வயது. அதன்பின் ஆகஸ்டு 26 துக்க நாளாயிற்று. 1901இல் அரசியார் அந்த வீட்டிலேயே உயிர் நீத்தார். அடுத்து அரசரான எட்வர்டு அதனை வைத்துக் கொள்ள விரும்பவில்லை. 1902இல் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். குழந்தைகளின் பாத்திகளும் மரக் குடிலும் இன்றும் உள்ளன. பெயர் எழுத்துப் பொறித்த சிறு கைவண்டிகள் வரிசையாய் நிற்கின்றன. ஆகஸ்டு விடுமுறையன்று கட்டணம் செலுத்திய குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி, இது ஹெலினாவின் வண்டி, அது ஆல்பிரடின் வண்டி என்று படித்துச் செல்கின்றன.