உச்சவரம்பு – 9: வாக்ஸ் மூச்சுத்திணறிய இரவு

பெர்க்லியின் யூனிக்ஸான 4.2 பிஎஸ்டி 1983-ல் செட்ஆர்லிமிட்டைக் கொண்டுவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். சிபியு நேரம், ஃபைல் அளவு, டேட்டா, ஸ்டாக், கோர், மெமரி என்று ஆறு வரம்புகள். இந்த வாரம் 2006-க்குத் தாவி, கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் லினக்ஸை எப்படித் திருப்பினார்கள் என்று சொல்வதாக இருந்தது. ஆனால் 1988 நவம்பர் 2-ஐத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

யூட்டா பல்கலைக்கழகத்தில் வாக்ஸ் 8600 என்ற கணினி ஒன்று. அன்றிரவு 8:49-க்கு, நெட்வொர்க் வழியே தானாகப் பரவும் நிரலான மாரிஸ் புழு அதற்குள் நுழைந்தது. 9:09-க்கு அங்கிருந்தே அடுத்த எந்திரங்களைத் தாக்க ஆரம்பித்தது. 9:21-க்கு லோடு ஆவரேஜ் 5. அதாவது சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் ப்ராசஸ்கள் சராசரியாக ஐந்து. அந்த நேரத்தில் வழக்கமாக ஒன்றுதான் இருக்கும். 9:41-க்கு 7. 10:01-க்கு 16. 10:06-க்குப் புதிதாக ஒரு ப்ராசஸைக்கூடத் தொடங்க முடியவில்லை. 10:20-க்கு அட்மினிஸ்ட்ரேட்டர் புழுக்களைத் தேடிக் கொன்றார். 10:41-க்குள் அவை திரும்பி வந்து லோடை 27-க்கு ஏற்றிவிட்டன. 10:49-க்கு எந்திரத்தையே நிறுத்தி மறுபடி கிளப்பினார். 11:21-க்கு 37.

ஒரு ஃபைல்கூட அழியவில்லை. புழு எதையும் திருடவும் இல்லை. தின்றது மட்டும்தான்.

வரம்புகள் ஆறும் அந்த எந்திரத்திலேயே இருந்தன. பிறகு ஏன் தடுக்கவில்லை? அவை ஒவ்வொன்றும் தனித்தனி ப்ராசஸை அளப்பவை. பந்தியில் இலைக்கு இவ்வளவு சோறு என்று அளந்து போட்டார்கள். ஒரே வீட்டார் எத்தனை இலை போட்டு உட்காரலாம் என்று எவரும் கேட்கவில்லை. புழுவோ சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஃபோர்க் செய்து, அதாவது தன் பிரதியாக ஒரு குழந்தை ப்ராசஸை உண்டாக்கி, அதை ஓடவிட்டுத் தான் செத்துவிடும். குழந்தைக்குப் புது எண், புதுக் கணக்கு. அதுவரை தின்ற சிபியு நேரம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதிகம் தின்றவனைப் பின்னால் தள்ளும் கர்னலின் முன்னுரிமைக் கணக்கும் ஏமாந்துபோகும். ஒரு பயனருக்கு இத்தனை ப்ராசஸ்தான் என்ற எண் ஒன்று கர்னலுக்குள் இருக்கத்தான் செய்தது. ஆனால் ரூட் என்ற தலைமைக் கணக்கை அது கட்டுப்படுத்தாது.

வரம்பு வைக்கும் அதே செட்ஆர்லிமிட்டைப் புழுவும் அழைத்தது. கோர், அதாவது சாகும் ப்ராசஸ் விட்டுச்செல்லும் மெமரிப் பதிவு, அதன் அளவைப் பூஜ்யம் ஆக்கிக்கொண்டது. வழியில் செத்து விழுந்தாலும் ஆராய்ச்சிக்குப் பிணம் கிடைக்கக் கூடாது என்று ஏற்பாடு. ப்ராசஸ் பட்டியலில் தன் பெயரை சாதாரண ஷெல் போல ‘எஸ்எச்’ என்று மாற்றிக்கொண்டது. கார்னெல் மாணவரான ராபர்ட் டாப்பன் மாரிஸ் அதை ஏவியது எம்ஐடி எந்திரத்திலிருந்து. விளையாட்டுப் பிள்ளையின் சோதனை கைமீறிவிட்டது என்று பரிந்து எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் ஏனோ வசதியாக விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். தடயத்தை அழிக்க இத்தனை யோசித்தவர், அடுத்தவர் எந்திரம் எவ்வளவு தாங்கும் என்றும் யோசித்திருக்க வேண்டும்.

ஏழில் ஒன்று என்ற கணக்கைப் பாருங்கள். ஓர் எந்திரத்தில் ஏற்கெனவே புழு இருந்தால் புதியது ஒதுங்கிவிடலாம். ஆனால் அட்மின்கள் ‘இங்கே புழு இருக்கிறது’ என்று பொய்ப் பதில் சொல்லி ஏமாற்றிவிடுவார்களே என்று மாரிஸ் பயந்தார். அதனால் ‘இருக்கிறது’ என்ற பதில் வந்தாலும் ஏழு முறைக்கு ஒரு முறை உள்ளே இறங்கும்படி எழுதினார். யூட்டாவின் 37 அந்த ஏழிலிருந்து பிறந்தது.

இந்தக் கதையில் எனக்கு நாயகன், யூனிக்ஸைக் கட்டியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் கையேட்டுத் தொகுதியில் பாதுகாப்பு பற்றி அவருடைய சின்னக் கட்டுரை ஒன்று இருக்கிறது. யூனிக்ஸின் மிகப் பலவீனமான இடம், வளங்களை அளவில்லாமல் தின்று எந்திரத்தை முடக்குவதைத் தடுக்காததுதான் என்று அதில் பட்டவர்த்தனமாக எழுதினார். சான்றுக்கு ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட்டும் கொடுத்தார்: ஒரு டைரக்டரி உண்டாக்கு, அதற்குள் போ, மறுபடி உண்டாக்கு, முடிவே இல்லாமல். தான் கட்டிய வீட்டின் ஓட்டையைத் தானே விரல் நீட்டிக் காட்டும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்? ஒன்பது வருஷம் அந்த எச்சரிக்கை அச்சில் கிடந்தது.

அன்றிரவு இன்னொருவரும் வருகிறார். ஹார்வர்டில் இருந்த ஆண்டி சடத், 1984 ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். மாரிஸின் நண்பர். மாரிஸ் கேட்டுக்கொண்டபடி, மன்னிப்பும் புழுவை நிறுத்தும் வழியும் சொல்லி, பெயர் போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தகவலைச் சுமக்க வேண்டிய நெட்வொர்க்கே புழுவால் திணறிக்கிடந்தது. அஞ்சல் உரியவர்களுக்குக் கிடைத்தபோது பெர்க்லிக்காரர்களும் மற்றவர்களும் தாங்களே வழி கண்டுபிடித்திருந்தார்கள். மாரிஸுக்கு 1990-ல் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் எம்ஐடியிலேயே பேராசிரியர் ஆனார்.

இவ்வளவு நடந்தும் யூனிக்ஸ் உலகம் நெடுநாள் ஓட்டையைத்தான் அடைத்தது: சென்ட்மெயிலில் ஒன்று, ஃபிங்கர் சர்வரில் ஒன்று. ஒரு ப்ராசஸ், அதன் குழந்தைகள், பேரக்குழந்தைகள் என்று குடும்பத்தையே ஒரு கணக்கில் கட்டும் வசதி மெனேஜும் சேத்தும் 2006-ல் தொடங்கிய வேலையால்தான் லினக்ஸுக்கு வந்தது. 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலில் அது சேர்ந்தது. ஃபோர்க் செய்து தப்ப முயன்றாலும் குழந்தை அதே குழுவில்தான் பிறக்கும். குழுவுக்குள் மொத்தம் இத்தனை ப்ராசஸ்தான் என்று எண்ணித் தடுக்கும் கட்டுப்பாடு வர 2015 நவம்பர் ஆயிற்று, அது 4.3 கர்னல்.

கூகுளில் அந்த வேலைக்கு வைத்த முதல் பெயர் ‘ப்ராசஸ் கன்டெய்னர்ஸ்’. 2007-லேயே அது ‘கன்ட்ரோல் குரூப்ஸ்’ ஆகிவிட்டது. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)