நாயின் மூக்கும் நோயின் வாசமும்



கடந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைக் காலை நிகழ்ச்சியில், நாய்கள் நோயை மணந்து அறியுமா என்பது பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நிகழ்ச்சி முடிவதற்குள் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, இவர் குடல் புற்றுநோயில போய் இப்ப மூண்டு வருசம். அதுக்கு முதல் பக்கத்து வீட்டு நாய் இவரைக் கண்டால் வயித்தடியிலயே வந்து மணந்துகொண்டு நிக்கும். நாங்கள் சிரிச்சுப்போட்டு விட்டிட்டம். நாய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமல் போச்சே?" என்று கேட்டார்.

வானலையில் அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பாட்டொன்றைப் போட்டுச் சமாளித்துவிட்டேன். அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஆனால் இந்த விடயத்தின் வரலாற்றைப் படித்தபோது, அதுவும் ஒரு கணக்குப் பரிசோதனை போலத்தான் எனக்குத் தோன்றியது.

நாயின் அறிவை நம்புவது எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் இரவு நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டு, ஒழுங்கையில் யார் வருகிறார்கள் என்று காது கொடுத்தவர்கள் நாங்கள். நோய்க்கு மணம் உண்டு என்பதும் எங்கள் முன்னோர் அறிந்ததே. சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. நீர்க்குறி பார்க்கும்போது நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்ற ஐந்தையும் கவனிப்பார்கள். பின்னாளில் ஆய்வுகூடக் கருவிகள் வந்தபோது வைத்தியர்கள் மூக்கைப் பயன்படுத்துவது குறைந்துபோனது.

மேற்கத்தைய மருத்துவம் நாயின் மூக்கைத் திரும்பிப் பார்த்தது 1989ஆம் ஆண்டில். லண்டன் கிங்ஸ் கொலேஜ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹைவல் வில்லியம்ஸ், அன்ட்ரூ பெம்புரோக் என்ற இரு வைத்தியர்கள், லான்செற் என்ற மருத்துவ சஞ்சிகைக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார்கள். 44 வயதுப் பெண்மணி ஒருவரின் காலில் ஒரு மச்சம். அவருடைய நாய் நாள்தோறும் அந்த மச்சத்தையே மணந்துகொண்டிருக்கும். களிசான் போட்டிருந்தாலும் துணிக்கு மேலால் மணக்கும். மற்ற மச்சங்களைத் திரும்பியும் பார்க்காது. ஒருநாள் அவர் அரைக் களிசான் அணிந்திருந்தபோது அதைக் கடித்தெடுக்கவே முயன்றது. அதன் பிறகுதான் அவர் வைத்தியசாலைக்குப் போனார். வெட்டியெடுத்துப் பார்த்தபோது அது மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய். தடிப்பு 1.86 மில்லிமீற்றர். அந்த அளவில் அகப்பட்டதால் சிகிச்சை செய்ய முடிந்தது.

2001இல் அதே சஞ்சிகையில் இன்னொரு கடிதம் வெளிவந்தது. 66 வயது மனிதர் ஒருவரின் தொடையில் நெடுநாள் சிரங்கு போல ஒரு தழும்பு. அவருடைய லப்ரடோர் நாய் அந்த இடத்தையே மூக்கால் முட்டிக்கொண்டிருந்தது. சோதித்தபோது அதுவும் ஒருவகைத் தோல் புற்றுநோய். அதை அகற்றிய பின் நாய் அந்தப் பக்கமே போகவில்லை.

இவை இரண்டும் உண்மைச் சம்பவங்கள். ஆனால் ஒரு கணக்காளனாக என் மனதில் உடனே ஒரு கேள்வி எழுந்தது. ஒருவருடைய காலை நாய் மணந்தது, அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றால், அதை யாராவது சஞ்சிகைக்கு எழுதுவார்களா? எழுதமாட்டார்கள். ஆகவே இப்படியான கதைகள் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப் புத்தகம் போன்றவை. அந்தப் புத்தகத்தை வைத்து இலாபமா நட்டமா என்று சொல்ல முடியாது.

இதை உணர்ந்து முதலில் ஒழுங்கான சோதனை செய்தவர்கள் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள அமர்ஷம் வைத்தியசாலை ஆய்வாளர்கள். கரோலின் வில்லிஸ் தலைமையிலான அவர்களின் ஆய்வு 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியானது. ஆறு நாய்களுக்கு ஏழு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு சிறுநீர் மாதிரிகளை வைப்பார்கள். ஒன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளருடையது. நாய் அதை மணந்து, பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். குருட்டாம்போக்கில் தெரிவு செய்தால் நூற்றுக்கு 14 தடவை சரிவரும். நாய்கள் 54 தடவையில் 22 தடவை, அதாவது நூற்றுக்கு 41 தடவை, சரியாகக் காட்டின. அதிர்ஷ்டத்தால் இது நடக்காது. அதேவேளை, பாதிக்கு மேல் பிழை என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த ஆய்வில் ஒரு விசேட சம்பவம் நடந்தது. சோதனைகள் செய்து புற்றுநோய் இல்லை என்று சொல்லப்பட்ட ஒருவரின் மாதிரியைப் பயிற்சியின்போது நாய்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் காட்டின. நாய்கள் பிழைவிடுகின்றன என்று தள்ளிவிடாமல் அவரை மீண்டும் சோதித்தார்கள். அவருடைய சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது.

இது எப்படி நடக்கிறது? புற்றுநோய்க் கலங்களில் இரசாயன மாற்றங்கள் வேறுவிதமாக நடக்கின்றன. அதனால் உண்டாகும், எளிதில் ஆவியாகும் பொருட்கள் மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் கலந்து வெளியேறுகின்றன. எங்கள் மூக்குக்கு எட்டாத அளவையும் நாயின் மூக்குப் பிடித்துவிடும்.

அடுத்த சில ஆண்டுகள் உற்சாகமான ஆண்டுகள். 2006இல் கலிபோர்னியாவில் ஐந்து நாய்கள், மூச்சுக் காற்றை மணந்து நுரையீரல் புற்றுநோயை நூற்றுக்கு 99 என்ற அளவில் கண்டுபிடித்ததாக அறிக்கை வந்தது. 2008இல் இங்கிலாந்தில் இதற்கென்றே மெடிக்கல் டிற்றெக்சன் டோக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் உருவானது. 2011இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஒரு பெல்ஜிய மலின்வா நாய் ஆண்களின் புரஸ்ரேற் புற்றுநோயை 33 தடவையில் 30 தடவை சரியாகக் காட்டியதாக எழுதினார்கள்.

பிறகு சறுக்கலும் வந்தது. இதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய கதை உதவும். நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் காலைத் தட்டி விடை சொல்லிப் பேரெடுத்தது. ஒஸ்கார் புங்ஸ்ற் என்ற உளவியலாளர் அதைச் சோதித்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரின் முகத்திலும் தலையசைவிலும் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் அது கண்டுகொண்டிருந்தது. ஆகவே எந்த மாதிரி நோயாளியுடையது என்பது நாயைப் பிடித்திருப்பவருக்கும் அறையில் நிற்பவருக்கும் தெரியக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டோடு பிரித்தானியாவில் செய்யப்பட்டு 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சியில் கெட்டித்தனம் காட்டிய நாய்கள் புதிய ஆட்களின் மாதிரிகளில் தோற்றுப்போயின. நோயின் மணத்தைப் படிக்காமல், ஒவ்வொரு மாதிரியின் மணத்தையும் பாடமாக்கிவிட்டன என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். சோதனைக்குக் கடந்தகால வினாத்தாளைப் பாடமாக்கிப் போகும் பிள்ளைகளை நாங்கள் அறியாதவர்களா?

2021இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், இரண்டு நாய்கள் கடுமையான வகைப் புரஸ்ரேற் புற்றுநோயை நூற்றுக்கு 71 என்ற அளவில் அடையாளம் காட்டின. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் இருக்கிறது என்று வைப்போம். இரு பக்கமும் நூற்றுக்கு 90 சரியாகச் சொல்லும் நல்ல நாய் ஒன்று கிடைக்கிறது. அது நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைக் காட்டும். சுகமான 990 பேரில் 99 பேரையும் சேர்த்துக் காட்டும். மொத்தம் 108 பேர் பயந்துபோய் நிற்க, உண்மையில் நோயுள்ளவர்கள் ஒன்பது பேர்தான். அதனால்தான் இங்குள்ள தேசிய சுகாதார சேவையில் நாயின் மூக்கு வழமையான புற்றுநோய்ப் பரிசோதனை ஆகவில்லை.

அதற்காக இந்த முயற்சி வீண் என்று சொல்லவரவில்லை. ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரைச் சேர்ந்த ஜோய் மில்ன் என்ற தாதி, தன் கணவரின் உடல் மணம் மாறியதை, அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிவதற்குப் பன்னிரண்டு வருடங்கள் முன்பே உணர்ந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 12 பேர் அணிந்த ரீசேட்டுகளை அவரிடம் கொடுத்தார்கள். நோயுள்ள ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். சுகமானவர்களில் ஒருவரையும் நோயாளி என்றார். எட்டு மாதங்களின் பின் அந்த ஒருவருக்கும் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது. அவருடைய மூக்கைத் துணையாகக் கொண்டு மன்செஸ்ரர் ஆய்வாளர்கள், தோலின் எண்ணெய்ப்பசையில் உள்ள சில பொருட்களை இனங்கண்டு 2019இல் வெளியிட்டார்கள். இப்போதைய நோக்கமும் அதுதான். நாயையோ மனிதரையோ வழிகாட்டியாக வைத்து மணத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தால், பிறகு அதை அளக்கக் கருவி செய்யலாம்.

இனி அந்த அம்மாவுக்கு. அம்மா, நாய் மணப்பதற்கு நூறு காரணம் இருக்கும். சமையல் மணம், மருந்து மணம், பிரியம், எல்லாமே காரணமாகலாம். ஆண்டுக்கணக்காகப் பயிற்சி பெற்ற நாயே பிழைவிடும்போது, பக்கத்து வீட்டு நாய் வந்து நின்றதை நீங்கள் நோயென்று விளங்கியிருக்க வேண்டும் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். உங்களில் பிழையில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பொதி தபாலில் இலவசமாக வருகிறது. வீட்டிலேயே சிறிதளவு மலம் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு வந்த பொதி, வரி இலாகாக் கடிதங்களுக்குக் கீழே மூன்று மாதம் கிடந்தது. ஊரார் கணக்கையெல்லாம் நாள் தவறாமல் அனுப்புகிறவன் என்னுடையதை அனுப்பவில்லை. அந்த அம்மாவின் அழைப்பு வந்த அன்று மாலைதான் அதைத் திறந்தேன். அடுத்த நாள் காலை தபாலில் போட்டேன். உங்கள் வீட்டு மேசையிலும் அப்படியொன்று கிடந்தால், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.