பேசும் பெட்டி மௌனமானால்...

பார்வையற்ற ஒருவர் இன்று கணினியில் கேட்கும் குரல் பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான். 1980களில் அப்படி இல்லை. அன்றைய ஐ.பி.எம். கணினியின் சின்ன ஸ்பீக்கருக்கு 'பீப்' என்று கத்தத்தான் தெரியும். எழுத்தைத் தெளிவான பேச்சாக மாற்ற அதன் வேகமும் போதாது. அதனால் பேசுவதற்கென்றே தனிப் பெட்டி ஒன்று தேவைப்பட்டது.

அவற்றில் புகழ்பெற்றது டெக்டாக். எம்.ஐ.டி. ஆய்வாளர் டென்னிஸ் க்ளாட்டின் உழைப்பை அடிப்படையாகக் கொண்டு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1984-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை ஏறத்தாழ 4000 டாலர்! அதன் 'பெர்ஃபெக்ட் பால்' குரலுக்கு மாதிரி க்ளாட்டின் சொந்தக் குரல். பின்னாளில் நோயால் தன் குரலை இழந்த அவர் 1988-ல் காலமானார். டபுள்டாக் போன்ற விலை குறைந்த கருவிகளும் பிறகு வந்தன.

திரையில் உள்ள எழுத்தைப் பொறுக்கி இந்தப் பெட்டிக்கு அனுப்புவது திரைவாசிப்பான் மென்பொருளின் வேலை. விபத்தில் பார்வை இழந்த பொறியாளர் டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-ல் டாஸுக்காக வெளியிட்ட 'ஜாஸ்' அவற்றுள் ஒன்று.

சரி, பெட்டி திடீரென்று பேசாமல் போனால்? கோளாறு என்ன என்று திரை சொல்லும். ஆனால் அந்தத் திரையைப் படித்துச் சொல்ல வேண்டியதே அந்தப் பெட்டிதானே! பக்கத்தில் பார்வையுள்ளவர் யாரும் இல்லாவிட்டால் அன்றைய வேலை அதோடு நின்றது.

இதற்கு ஒரே வழி, வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகச் சோதிப்பது. பல பெட்டிகள் மின்சாரம் வந்ததும் தாமாகவே ஏதாவது பேசும். அது கேட்டால் பெட்டியும் ஸ்பீக்கரும் நலம். அடுத்தது சீரியல் கேபிள். அதுவும் சரியாக இருந்தால், திரைவாசிப்பான் இல்லாமல் டாஸைத் தொடங்கி, 'மோட்' கட்டளையால் வேகத்தை நொடிக்கு 9600 பிட் என்பது போல் பெட்டிக்கு ஏற்றபடி அமைத்து, 'எக்கோ ஹலோ > காம்1' என்று விரல் நினைவிலேயே தட்ட வேண்டும். 'ஹலோ' கேட்டால் கேபிளும் போர்ட்டும் குற்றமற்றவை. தவறு திரைவாசிப்பானின் அமைப்பில்தான்.

விசித்திரமான கோளாறு ஒன்றும் உண்டு. அன்றைய கணினிகளில் காம்1, காம்3 இரண்டும் வழக்கமாக ஒரே ஐ.ஆர்.க்யூ. 4-ஐப் பங்கிட்டுக்கொண்டன. ஒன்றில் பேச்சுப் பெட்டி, இன்னொன்றில் மோடம் என்றால், மோடம் வேலை செய்யும்போது குரல் திக்கும் அல்லது நின்றுவிடும். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

1990களின் இறுதியில் சவுண்ட் கார்டும் மென்பொருள் குரலும் பரவ, பெட்டிகள் மறைந்தன. பணம் மிச்சம்தான். ஆனால் சவுண்ட் டிரைவர் பழுதானால் இன்றும் அதே மௌனம். லினக்ஸ் கெர்னலில் 2010-ல் சேர்ந்த 'ஸ்பீக்கப்' பழைய பெட்டிகளையும் பேச வைக்கிறது. கணினி தொடங்கும்போது வரும் செய்திகளைக்கூட அவற்றில் கேட்கலாம். குரல் கணினிக்கு வெளியே இருந்ததில் தொல்லை மட்டுமல்ல, ஒரு பாதுகாப்பும் இருந்தது.