காடையல்லாத காடை

கல்முனைக்கு மேற்கே வயல்வட்டைக்குச் செல்லுகையில், தூரத்தே மோட்டார் சைக்கிள் ஓடுவது போன்றதோர் ஒலி புல்லுக்குள்ளிருந்து எழும். "காடை கூப்பிடுது மகன்" என்பார் வாப்பா. திருக்குர்ஆன் கூறும் ஸல்வாவும் இதுவே எனச் சிறுவயதில் நம்பியிருந்தேன்.

பின்னரே அறிந்தேன், இது காடையே அன்று. ஸல்வா என்று பொதுவாகக் கொள்ளப்படுவது வலசை போகும் மெய்க்காடை; அது கோழியின் உறவு. நமது வயற்பறவைக்கோ பின்விரல் கிடையாது. காலுக்கு மூன்றே விரல்கள். முன்னர் கொக்குகளின் வரிசையில் வைக்கப்பட்டிருந்த இதனை, மரபணு ஆய்வுகள் கரைப்பறவைகளின் வரிசையில் சேர்த்துள்ளன.

1789இல் ஜெர்மானிய அறிஞர் கிமெலின் இதற்கு 'சஸிட்டேட்டர்' எனப் பெயரிட்டார். இலத்தீனில் அதன் பொருள் 'எழுப்புபவன்'. உண்மையில் எழுப்புபவள் பெண். தொண்டையும் நெஞ்சும் கறுத்த அவளே ஆணை அழைப்பாள். முட்டையிட்டபின் வேறு துணை தேடிப் போவாள். தரையிலுள்ள கூட்டில் அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆணே.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் எம் மாவட்டத்தில் வயல்களைப் பெருக்கிற்று. வயல் பெருகினாலும் புல்லில்லாத வரம்பில் கூடில்லை. கூடு கண்டால் வாப்பா அவ்விடத்தை மட்டும் செதுக்காது விட்டுவிடுவார். அங்கே அசையாது படுத்திருந்தது தாய் என்றே இருவரும் எண்ணியிருந்தோம். அதுவும் ஒரு வாப்பாதான் என அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.