திப்பு (பெயர்)

திப்பு என்பது தென்னிந்திய வரலாற்றில் ஒரு சமயப் பெரியாரும் ஓர் அரசரும் தாங்கிய பெயராகும். ஆற்காட்டில் அடக்கமாகியுள்ள சூபி ஞானி திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரே, மைசூரை 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தானுக்கு இடப்பட்டது. பிற்காலத்தில் வங்காளத்தைச் சேர்ந்த சமயத் தலைவர் ஒருவரும் இப்பெயரால் அறியப்பட்டார். இம்மூவரும் வெவ்வேறு நபர்கள் ஆவர்.

திப்பு மஸ்தான் அவுலியா

இவர் ஆற்காட்டில் வாழ்ந்த இசுலாமிய ஞானி ஆவார். மஸ்தான் என்பது இறைக்காதலில் தம்மை மறந்தவர்களைக் குறிக்கும் அடைமொழி. தமிழ்ப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பெயரிலும் இச்சொல் உண்டு. அவுலியா என்பது இறைநேசர்களைக் குறிக்கும் அரபுச் சொல்லாகும். இவரது தர்கா இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஆற்காட்டில் உள்ளது.

திப்பு சுல்தான்

ஐதர் அலியும் அவரது மனைவி பக்ருன்னிசாவும் ஆண் குழந்தை வேண்டி இந்த தர்காவில் வேண்டிக்கொண்டனர் என்றும், பிறந்த குழந்தைக்கு ஞானியின் பெயரையே சூட்டினர் என்றும் கூறப்படுகிறது. குழந்தை பிறந்த ஊர் பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளி. பிறந்த ஆண்டு 1750 என்றும் 1751 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. பதே அலி என்பது இவரது மற்றொரு பெயர். இது பாட்டனார் பதே முகமதுவை நினைவூட்டுவதாகும். பதே முகமது ஆற்காட்டு நவாபின் படையில் பணிபுரிந்தவர். ஆகவே இக்குடும்பத்திற்கு ஆற்காட்டுடன் முன்பே தொடர்பு இருந்தது. தம் மகனுக்குப் பெயர் தந்த ஞானியின் ஊரை ஐதர் அலி 1780 இல் நவாபிடமிருந்து கைப்பற்றினார்.

பெயரின் பொருள்

திப்பு என்றால் கன்னடத்தில் புலி என்று சில நூல்களில் காணப்படுகிறது. கன்னடத்தில் புலியைக் குறிக்கும் சொல் ஹுலி என்பதாகும். திப்பு சுல்தான் தம் படையினரின் சீருடை, படைக்கலங்கள், அரியணை ஆகியவற்றில் புலிச் சின்னத்தைப் பயன்படுத்தினார். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 'திப்புவின் புலி' என்னும் இயந்திரப் பொம்மையும் அவருடையதே. புலி அவர் தேர்ந்துகொண்ட சின்னம்; பெயரோ ஞானியிடமிருந்து வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழையாகும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிகளில்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகள் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தவை. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய நிலப்பகுதி பாராமகால் எனப்பட்டது. 1791 நவம்பரில் மேக்சுவெல் தலைமையிலான ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியது. எனினும் மேல்கோட்டையைக் கைப்பற்ற இயலவில்லை. போரில் வீழாத அக்கோட்டை 1792 மார்ச்சில் செய்துகொள்ளப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கைமாறியது. அதன்படி திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். இரு புதல்வர்களையும் பிணையாக அனுப்பினார். பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. அங்கு அலெக்சாண்டர் ரீடும் அவரது உதவியாளர் தாமஸ் மன்றோவும் மேற்கொண்ட நிலவரிப் பணியிலிருந்தே இரயத்துவாரி முறை வளர்ந்தது.

ஓசூர்ப் பகுதி 1799 வரை திப்புவின் ஆட்சியில் தொடர்ந்தது. எனவே ஏழு ஆண்டுகள் கிருஷ்ணகிரி ஓர் ஆட்சியிலும் ஓசூர் வேறோர் ஆட்சியிலும் இருந்தன. இன்று தொழிற்சாலைகள் பெருகியுள்ள குருபரப்பள்ளி இவ்விரு ஊர்களையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு போரில் இறந்தபின் ஓசூரும் கம்பெனி வசமாயிற்று.

திப்பு ஷா

இவர் வங்காளத்தின் மைமன்சிங் மாவட்டத்தில் தோன்றிய பாகல்பந்தி என்னும் சமயப் பிரிவின் தலைவர். தந்தை கரம் ஷா 1813 இல் இறந்தபின் தலைமையேற்றார். மனிதர் அனைவரும் இறைவனின் படைப்பாதலின் சமமானவர் என்பது இப்பிரிவின் கொள்கை. சமீன்தார்களின் மிகை வரியை எதிர்த்து 1825 அளவில் சேர்பூர்ப் பகுதி உழவர்களைத் திரட்டினார். சிறையிலடைக்கப்பட்ட இவர் 1852 இல் இறந்தார். கொல்கத்தாவில் உள்ள திப்பு சுல்தான் பள்ளிவாசல் இவருடையது அன்று. அதை 1842 இல் கட்டியவர் மைசூர் திப்புவின் மகன் குலாம் முகமது ஆவார். வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தினர், 1806 ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப் பின் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

ஒத்த நிகழ்வுகள்

ஞானியின் பெயரை அரச குழந்தைக்கு இடுவது முன்பே இருந்த வழக்கமாகும். 1569 இல் சிக்ரியில் பிறந்த தம் மகனுக்கு, அங்கு வாழ்ந்த சேக் சலீம் சிஷ்தியின் பெயரை அக்பர் சூட்டினார். அந்தச் சலீமே பிற்காலத்தில் பேரரசர் சகாங்கீர் ஆனார். அரியணை ஏறியபோது அவர் புதுப்பெயர் பூண்டார். திப்புவோ ஞானியின் பெயராலேயே இறுதிவரை ஆண்டார். தமிழ் முசுலிம்களிடையே சாகுல் அமீது என்னும் பெயர் பரவலாக வழங்குவதும் நாகூர் ஆண்டகையின் நினைவாகவே ஆகும்.

இவற்றையும் பார்க்க

ஐதர் அலி
பாராமகால்
வேலூர்ப் புரட்சி
சலீம் சிஷ்தி