கடவையில் கேட்ட காசு

இலுப்பைக்கடவை என்ற பெயரின் பிற்பகுதி கவனத்துக்குரியது. கடவை என்றால் கடந்து செல்லும் இடம். யாழ்ப்பாணத்து வேலிக் கடவையும் புகையிரதக் கடவையும் அச்சொல்லின் உறவுகளே. மக்கள் கடந்தாக வேண்டிய இடமெங்கும் அதற்குக் காசு கேட்பவனும் வந்து நின்றான் என்பதே வரலாறு.

ஆயம், சுங்கம் ஆகியவை தமிழுக்குப் புதிய சொற்களல்ல. சுங்கத்தை நீக்கியமையாலேயே முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். ஒரு வரியைக் கைவிட்டதே மன்னனுக்குப் பட்டமாகுமென்றால், அவ்வரி மக்களை எவ்வளவு வருத்தியிருக்க வேண்டும்!

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் வீதிகள், பாலங்கள், ஓடத்துறைகள் பலவற்றில் ஆயம் அறவிடப்பட்டது. அரசு தானாக ஆள்வைத்து வசூலிக்கவில்லை. அறவிடும் உரிமையை ஏலத்தில் விட்டது. கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரரானார். அரசுக்குக் கட்டிய பணத்துக்கு மேல் கிடைத்ததெல்லாம் அவருடைய இலாபம். சாராயக் குத்தகையோடு இந்த ஆயக் குத்தகையும் தென்னிலங்கையில் புதிய செல்வந்தர் வகுப்பொன்று உருவாகக் காரணமாயிற்று. வண்டிக்காரனோ, வீதி திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் காசைக் கொடுத்தே கடந்தான்.

இதனிலும் கொடியது 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம். தேசாதிபதி டொரிங்டன் காலத்தது அது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும். அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும். பெருந்தோட்டக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் பாதைக்குக் குடியானவன் ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. துப்பாக்கி, நாய், கடை என விதிக்கப்பட்ட வேறு வரிகளும் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டே மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டனும் பின்னர் பதவியிழந்தார். எனினும் வீதிக்காக உழைப்பு அல்லது பணம் என்னும் முறை உடனே ஒழியவில்லை. 1861 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்களை அமைத்து அதனை நிர்வாக ஒழுங்குக்குள் கொண்டுவந்தது.

நமது காலத்துக்கு வருவோம். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், தமது கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்த சரக்குகளுக்கு விடுதலைப் புலிகள் வரி அறவிட்டனர். வியாபாரி கொடுத்ததை இறுதியில் செலுத்தியவர் அரிசியும் சீனியும் வாங்கியவரே. மறுபுறம் இராணுவச் சோதனைச் சாவடிகளில் மக்கள் செலுத்தியது நேரம். மன்னார்ப் பக்கத்தில் உயிலங்குளமும் அத்தகைய ஒரு கடவையாயிற்று. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. 2008 இல் போர் இலுப்பைக்கடவையையும் கடந்து சென்றது.

மன்னாரை நாவற்குழியுடன் இணைக்கும் ஏ-32 வீதியில்தான் இவ்வூர் இருக்கிறது. முன்னர் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்குமிடையே கடல்நீரேரியைப் பாதையில் ஏறியே கடக்க வேண்டும். 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளப் பாலம் அங்கே திறக்கப்பட்டது. அதில் ஆயம் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் தெற்கில் கொட்டாவை–காலி அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வீதி அபிவிருத்தி அதிகார சபையே அதனை நிர்வகிக்கிறது. நுழைவாயிலில் பயணத்தைப் பதிந்து, வெளியேறும் வாயிலில் தூரத்துக்கும் வாகன வகைக்கும் ஏற்பக் கட்டணம் அறவிடுவதே முறை. 2013 இல் கட்டுநாயக்கா, 2022 இல் மீரிகம–குருநாகல் என அது விரிந்தது. வடக்கில் அத்தகைய வீதி இன்னும் இல்லை.

பயன்படுத்துபவர் செலுத்தட்டும் என்பது நியாயமான விதிதான். ஆயினும் அந்நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனால் எழுந்தவை. நாட்டின் கடனுக்கு இலுப்பைக்கடவை மீனவரும் தாம் வாங்கும் எரிபொருளிலும் மாவிலும் வரியாகச் செலுத்துகிறார். அவ்வீதியில் அவர் ஒருநாளும் பயணம் செய்யாதவராக இருக்கலாம். 1848 இல் கோப்பிப் பாதையைப் பற்றி எழுந்த கேள்விக்கு இன்னும் விடை சொல்லப்படவில்லை. வடக்குக்கு அதிவேக நெடுஞ்சாலை வரும் நாளில், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கடன் யாருடையது, பயன் யாருக்கு என்று கேட்பதே நமது கடமை.