'எவ்வளவு நேரம் நடக்கணும்?' சரி... 'எங்கே நடக்கணும்?'னு பிசியோகிட்ட கேட்டீங்களா?

முழங்கால் ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. பிசியோதெரபிஸ்ட் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எத்தனை நிமிஷம் நடக்கணும், காலை எத்தனை தடவை மடக்கி நீட்டணும், எல்லாம் இருக்கு. எங்கே நடக்கணும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. நாமும் கேட்க மாட்டோம். வாசலைத் தாண்டினா மெயின் ரோடு, பஸ் புகைக்கு நடுவிலேயே கைப்பிடித்துக் கூட்டிட்டுப் போவோம்.

அந்த இடமும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

ஒரே நடை, இரண்டு ரிசல்ட்

லண்டனில் 60 வயதைத் தாண்டிய 119 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆரோக்கியமானவர்கள், சி.ஓ.பி.டி எனும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள் என மூன்று குரூப். எல்லோரும் ஒருநாள் ஹைட் பார்க்கில் 2 மணி நேரம் நடந்தார்கள். இன்னொரு நாள், டீசல் பஸ்களும் டாக்ஸிகளும் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் அதே 2 மணி நேரம்.

2017 இறுதியில் 'தி லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பார்க்கில் நடந்தபோது நுரையீரலின் செயல்பாடு கூடியது, ரத்தக்குழாய்களின் விறைப்பு குறைந்தது. ரோட்டில் நடந்தபோது அந்தப் பலன் பெருமளவு காணாமல்போனது. நுரையீரல் நோயாளிகளுக்கு இருமலும் மூச்சிரைப்பும் அதிகமாகின.

காரணம் சிம்பிள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு சுமார் 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமா நடந்தால் அது சில மடங்காகும். காற்றில் புகை இருந்தா, அதையும் சேர்த்துத்தானே இழுக்கிறோம்?

வெளியே போக முடியாதவங்களுக்கு?

கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்துங்க. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டுப் பார்த்தார். 23 பேரின் ஜன்னலில் மரங்கள், 23 பேரின் ஜன்னலில் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த சின்ன ஆய்வுதான். ஆனா, செலவே இல்லாத யோசனை. உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளை பால்கனியில், நாலு தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் செய்யலாமே!

இதையெல்லாம் கவனிங்க

* காற்று: கிளம்பும் முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்க. 100-க்குள் இருந்தா நல்லது. அதைத் தாண்டினால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்குச் சிரமம் வரலாம். 200-ஐத் தாண்டினால் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே பயிற்சி. போகி காலையில் வாக்கிங் வேண்டவே வேண்டாம்.

* தெரு: பார்க் இல்லையா? மெயின் ரோட்டை விட்டுத் தள்ளிப்போகப் போக வண்டிப் புகை குறையும். உள்தெரு, ஸ்கூல் கிரவுண்டு, மொட்டைமாடி எதுவானாலும் ஓகே.

* தரை: புல், மண் போன்ற மேடுபள்ளத் தரை பேலன்ஸுக்கு நல்ல பயிற்சி. ஆனா வாக்கர் பிடித்து நடப்பவர்கள் சமதரையில்தான் தொடங்கணும். பீச் மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். பிசியோ ஓகே சொன்ன பிறகு, அலை நனைத்த கெட்டி மணலில் ஆரம்பிங்க.

* வெயில்: கோடையில் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே பயிற்சி வேண்டாம். வயசானவங்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. தண்ணி பாட்டிலை நீங்களே எடுத்துட்டுப் போங்க.

கடைசியா ஒண்ணு

நிழல் இல்லாத தெரு, கடை ஆக்கிரமித்த பிளாட்பாரம், மதியமெல்லாம் பூட்டிக் கிடக்கும் பார்க்... இதை நாம் மாநகராட்சிப் பிரச்னை என்று மட்டும் நினைக்கிறோம். ஆபரேஷன் முடிந்து மறுபடி நடக்கப் பழகும் ஒருவருக்கு அது மருத்துவப் பிரச்னையும்கூட. உங்க வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க.

அடுத்த முறை பிசியோவைப் பார்க்கும்போது, உங்க தெருவை நாலு போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. எங்கே நடக்கணும்னு அவரே சொல்லுவார்.